பார்டர் படத்தில் உயிர்விட்டவர் 2022 வரை வாழ்ந்தார்

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு 1997ல் வந்த 'பார்டர்' இந்திப் படத்தைப் பற்றித்தான் பேச்சு. 1971 டிசம்பரில் ராஜஸ்தான் பாலைவனத்தில், லோங்கேவாலா காவல் சாவடியில் நடந்த சண்டைதான் கதை.

அதில் சுனில் ஷெட்டி நடித்த பைரோன் சிங் பாத்திரம் நினைவிருக்கிறதா? டாங்கியைத் தகர்க்கப் போய் உயிரை விடுவார். தியேட்டரில் அழாத ஆளே இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் நிஜமான பைரோன் சிங் ரத்தோர், எல்லைப் பாதுகாப்புப் படை வீரர், அந்தச் சண்டையில் சாகவில்லை. இயந்திரத் துப்பாக்கியோடு நின்று போராடினார், சேனா பதக்கம் வாங்கினார், 2022 டிசம்பரில் ஜோத்பூரில்தான் காலமானார். அக்‌ஷய் கன்னா நடித்த தரம்வீரும் அப்படித்தான். படத்தில் செத்துப்போவார், நிஜத்தில் பிழைத்தவர்.

உயிரோடு இருக்கும் ஒரு மனிதரை, அவர் பெயரையே வைத்து, திரையில் சாகடிப்பது எனக்குச் சரியாகவே படவில்லை. பார்க்கிறவர்கள் அதைத்தானே வரலாறு என்று நம்புவார்கள்?

படத்தில் நம் தரப்பில் வரிசையாகப் பலர் இறக்கிறார்கள். உண்மையில் இறந்தவர்கள் இரண்டு பேர். சாவடிக்குத் தலைமை தாங்கிய மேஜர் குல்தீப் சிங் சந்த்புரியிடம் இருந்தது பஞ்சாப் படைப்பிரிவின் 23வது பட்டாலியனைச் சேர்ந்த சுமார் 120 பேர். எதிரே வந்தது பாகிஸ்தானின் 2,000க்கும் மேற்பட்ட வீரர்கள், நாற்பதுக்கும் அதிகமான டாங்கிகள். இரண்டே பேரை இழந்து எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? படம் தவறவிட்ட இடம் அதுதான்.

சாவடி மேட்டின் மேல் இருந்தது. சுற்றிலும் மணல், டாங்கிகள் புதைந்து திணறின. முன்னால் வந்தவை மிக அருகில் வரும்வரை நம் வீரர்கள் சுடாமல் காத்திருந்தார்கள். அந்தப் பொறுமையை யோசித்துப் பாருங்கள்! தூரப் பயணத்துக்காக டாங்கிகளின் வெளிப்புறத்தில் கூடுதல் எரிபொருள் வேறு கட்டியிருந்தார்கள். குண்டு பட்டதும் அது பற்றி எரிந்தது. மேட்டில் இருந்தவர்களுக்கு வெளிச்சம், கீழே இருந்தவர்களுக்குக் கண்ணை மறைக்கும் புகை. முள்கம்பியைப் பார்த்ததும் கண்ணிவெடி வயல் என்று நினைத்து பாகிஸ்தான் படையினர் நின்றுவிட்டார்கள். விலைமதிப்பில்லாத நேரம் அப்படியே போனது.

ஜெய்சல்மேரில் இருந்த நம் விமானப்படையின் ஹண்டர் போர் விமானங்களுக்கு இரவில் தாக்கும் வசதி இல்லை. ஆக, விடியும்வரை சாவடியைக் காப்பதுதான் வேலையே. 5ஆம் தேதி காலை விமானங்கள் வந்ததும், வான் பாதுகாப்பே இல்லாமல் திறந்த மணலில் நின்ற டாங்கிகளுக்குத் தப்ப வழியில்லை. விமானங்கள் வருவதைப் படமும் காட்டுகிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய மணிநேரங்களை ஆவேச வசனமும் நேருக்கு நேர் மோதலுமாக மாற்றிவிட்டார்கள்.

இன்னொன்று. சாவடியிலேயே நிற்பதா, பின்வாங்குவதா என்று முடிவெடுக்கும் பொறுப்பு அன்று இரவு சந்த்புரியிடம் வந்தது. பின்வாங்க வேண்டுமானால் நடந்துதான் போகணும், வண்டி கிடையாது. டாங்கிகள் துரத்தினால் திறந்த மணலில் என்ன ஆகும்? நிற்கிறோம் என்றார். பிறகு அவருக்கு மகா வீர சக்ரா கிடைத்தது. அந்தக் கணக்கை அவர் மனதுக்குள் போட்டுப் பார்த்த நேரத்தை, பின்னணி இசை இல்லாமல், ஐந்து நிமிடம் காட்டியிருக்கலாம். நான் இயக்குநராக இருந்தால் படத்தையே அங்கிருந்துதான் தொடங்குவேன்.