ஆறு அடி, ஒரு திருப்பம்

அனைவருக்கும் வணக்கம். குழந்தை வந்த பிறகு இசை எப்படி மாறியது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை எப்போதும் அம்மாக்களிடம்தான் கேட்கிறார்கள். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் எனக்கு நடந்தது.

நான் வயலின் வாசிக்கிறேன், மெட்டும் அமைக்கிறேன். மகள் பிறந்த முதல் நான்கு மாதத்தில் வயலின் பெட்டியைத் திறந்ததே நாலைந்து முறைதான் இருக்கும். அவள் என் இடது தோளில்தான் தூங்குவாள். வயலின் வைக்கிற அதே தோள். ராத்திரி இரண்டு மணிக்கு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, எதையாவது முணுமுணுத்தபடி ஜன்னலிலிருந்து எதிர்ச்சுவர் வரை நடப்பேன். ஆறு அடி. சுவர் வந்ததும் மெதுவாகத் திரும்ப வேண்டும், சட்டென்று திரும்பினால் விழித்துக்கொள்வாள். அந்த ஒரு அடிக்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், பாட்டு தானாக நின்றுவிடும். மறுபடி ஆறு அடி.

ஒருநாள் மறந்துபோகுமோ என்று செல்போனில் பதிவு செய்து வைத்தேன். காலையில் கேட்டால் ஆறு எண்ணிக்கை பாட்டு, ஒரு எண்ணிக்கை மௌனம். மொத்தம் ஏழு. நம் தாளக் கணக்கில் மிஸ்ரம்! சின்ன வயதிலிருந்து தொடையில் தட்டிப் பழகிய கணக்குதான். ஆனால் இந்த முறை அதை எனக்குப் போட்டுக் கொடுத்தது அந்த அறையின் நீளமும் அவளுடைய தூக்கமும்.

இன்னொன்றும் கவனித்தேன். மெட்டு முழுவதும் ஐந்து ஸ்வரங்களுக்குள் அடங்கியிருந்தது. மேலே போனால் மூச்சு கூடும், நெஞ்சு ஏறி இறங்கும், அவள் அசைவாள். உலகத்தில் பல மொழிகளின் தாலாட்டுகள் இப்படித்தான் இருக்கின்றன: மெதுவாக, சின்ன எல்லைக்குள், திரும்பத் திரும்ப. பாடுகிறவரின் நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கிற காதுக்காகவே உண்டான இசை அது. அதற்கு முன்னால் நான் அமைத்த மெட்டுகளில் மௌனத்துக்கு இடமே கிடையாது. எங்கே இடைவெளி விட்டாலும் கேட்பவர் எழுந்து போய்விடுவாரோ என்ற பயம். அந்தப் பயம் அந்த அறையில்தான் போயிற்று.

சரி, இழப்பையும் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்தால்தான் எழுத உட்காருவேன் என்று இருந்தவள் நான். அது போய், கிடைத்ததெல்லாம் இருபது நிமிடத் துண்டுகள். சின்ன மெட்டுகள் அதில் வந்தன. நீளமான ஒரு படைப்பைத் தாங்கிப் பிடிக்க இரண்டு வருடம் முடியவில்லை. குழந்தையின் சிரிப்பைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது என்று நான் சொன்னால் அது பொய்.

பெரிய இசை மேதைகளுக்கு எப்படி இருந்தது? ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இருபது குழந்தைகளுக்குத் தகப்பனார். அவர்களில் பத்துப் பேர்தான் வளர்ந்து ஆளானார்கள். 1720 ஜனவரியில், ஒன்பது வயது மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்காக ஒரு பாட நோட்டுப் புத்தகம் தொடங்கினார். இது எந்த ஸ்வரம், இந்த அலங்காரக் குறியை எப்படி வாசிப்பது, எந்த விரலை எங்கே வைப்பது என்று அப்பா தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். அதே வருடம் ஜூலையில், அவர் வெளியூரில் இருந்தபோது அந்தப் பிள்ளையின் அம்மா இறந்துபோனார். வீடு திரும்பியபோது அடக்கமே முடிந்திருந்தது. நோட்டுப் புத்தகம் அதற்குப் பிறகும் வளர்ந்தது. பியானோ கற்கும் பிள்ளைகள் இன்றும் வாசிக்கிற ‘இன்வென்ஷன்’கள் என்ற சின்னப் படைப்புகள் முதலில் அதில்தான் இருந்தன. 1723-ல் அவற்றைத் திருத்தித் தனியாகப் படியெடுத்தார். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்த நேரத்தைப் படைப்பிலிருந்து திருடிய நேரம் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்த நோட்டுப் புத்தகத்தைத்தான் காட்டுவேன்.

கிளாரா ஷூமானின் கதை வேறு மாதிரி. எட்டுக் குழந்தைகள். கணவர் ராபர்ட் மெட்டமைக்கும்போது பியானோச் சத்தம் அவருக்கு இடைஞ்சல் என்பதால், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பியானோக் கலைஞர்களில் ஒருவர் தன் வீட்டிலேயே சாதகம் செய்ய முடியாமல் காத்திருந்தார். கிளாரா தன் ஜி மைனர் டிரையோவை, அதாவது மூன்று வாத்தியங்களுக்கான படைப்பை, எழுதிய 1846-ல் வீட்டில் நான்கு குழந்தைகள், மூத்தவளுக்கே ஐந்து வயதுதான். எந்த நேரத்தில் எழுதினார் அந்தப் பெண்மணி? 1856-ல் கணவர் இறந்த பிறகு கச்சேரி செய்துதான் குடும்பத்தைக் காப்பாற்றினார். சொந்தமாக எழுதுவது ஏறக்குறைய நின்றேபோயிற்று. அவருக்குள் இசை வற்றிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

1975-ல் மகன் ஷான் பிறந்ததும் பீட்டில்ஸ் குழுவில் பாடிய ஜான் லெனான் ஏறக்குறைய ஐந்து வருடம் இசையுலகிலிருந்து ஒதுங்கிப் பிள்ளை வளர்த்தார். நல்ல காரியம். இன்றைக்கும் அதை வியந்து பேசுகிறோம். அதே ஐந்து வருடம் ஒரு பெண் ஒதுங்கினால், ‘அவர் விட்டுவிட்டார்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

எனக்கும் அது நடந்தது. வருடா வருடம் அழைக்கிற ஒரு அமைப்பு, குழந்தை பிறந்த வருடம் அழைக்கவில்லை. பின்னால் விசாரித்தபோது, “உங்களுக்குச் சிரமமாக இருக்குமே என்று நாங்களே விட்டுவிட்டோம்” என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். இங்கே கச்சேரி நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள், உங்களிடம் நேராகவே கேட்கிறேன். அம்மாவைக் கேட்காமல் அவருக்காக முடிவு செய்யாதீர்கள். ஒத்திகையைப் பிள்ளை தூங்கப் போகும் நேரத்தில் வைக்காதீர்கள். மேடைக்குப் பின்னால் கதவு சாத்துகிற ஒரு அறை கொடுங்கள், போதும். அப்புறம், கைக்குழந்தை உள்ள ஆண் கலைஞரிடமும் ‘வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?’ என்று கேளுங்கள்.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஐந்து ஸ்வர மெட்டைத்தான் இப்போது வாசிக்கப் போகிறேன். ஒவ்வொரு ஏழாவது எண்ணிக்கையிலும் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிடுவேன். அங்கேதான் சுவர் வரும்.