விசா முடிஞ்சா கார்டும் முடியும்: ரிட்டயர்மென்ட்டுக்கு பெறவு ஆஸ்பத்திரி செலவு

(திரையில்: மார்த்தாண்டம், காலை நேரம், திருவனந்தபுரம் போற பஸ்)

இந்த பஸ்ஸ பாத்தியளா, இதுல பாதி பேரு மடியில ஸ்கேன் கவரு இருக்கும், மெடிக்கல் காலேஜ், இதயத்துக்கும் மூளைக்கும் ஸ்ரீ சித்திரா, கேன்சருக்கு ஆர்.சி.சி.ன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு இடம். எங்க மாமாவும் அப்படி ஒரு கவரோடதான் போனாவ.

மாமா மஸ்கட்ல 26 வருஷம், பல்லு வலிச்சாலும் கம்பெனி இன்சூரன்ஸ் கார்ட நீட்டுனா போதும், விசா முடிஞ்ச அன்னைக்கு அந்த கார்டும் முடிஞ்சு போச்சு. ஊருக்கு வந்ததும் மாடி எடுத்தாவ, மகளுக்கு கல்யாணம், ஒரு காரு, இன்சூரன்ஸ் மட்டும் பெறவு பாக்கலாம். 61 வயசுல ஒருவழியா பாலிசி எடுத்தாவ, 62ல நெஞ்சு வலி, ஸ்டென்ட். பாலிசி இருந்துது, ஆனா பில்லு மொத்தமும் கைக்காசு.

ஏன்னா மாமாவுக்கு ஏற்கனவே பிபி. பாலிசி எடுக்கும்போதே இருக்குற நோய்க்கும் அதால வர்ற சிகிச்சைக்கும் ஒரு காத்திருப்பு காலம் உண்டு, முன்னாடி 4 வருஷம் வரை வைக்கலாம்னு இருந்துத 2024ல 3 வருஷமா குறைச்சாங்க. சரி சுகர சொல்லாம மறைச்சு எடுத்தா என்னன்னு கேப்பியள், கிளெய்ம் வரும்போது பழைய மருந்து சீட்டு ஒண்ணு போதும், கம்பெனிக்காரன் தள்ளிடுவான். அதனால ரிட்டயர் ஆன பெறவு இல்ல, ரிட்டயர் ஆவுறதுக்கு 3, 4 வருஷம் முன்னாடியே சொந்தமா ஒரு பாலிசி ஓடிட்டு இருக்கணும், கல்ஃப்ல இருக்கும்போதே நம்மூர் சிகிச்சைக்கு இங்க எடுத்து வைக்கலாம். இங்க கம்பெனில வேலைன்னா கடைசி நாளுக்கு முன்னாடியே அந்த குரூப் பாலிசிய தனி பாலிசியா மாத்த முடியுமான்னு எழுதி கேளுங்க.

65 வயசு தாண்டிட்டுன்னா? புதுசா பாலிசி எடுக்க இருந்த அந்த வரம்பையும் 2024ல எடுத்தாச்சு, ஆனா பிரீமியம் கேட்டா தலை சுத்தும். தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22ல இருந்து இல்ல, அது ஒரு ஆறுதல்.

(திரையில்: ஒரு பில், பாதி சிவப்பு கோடு)

பாலிசில ரூம் வாடகை வரம்பு இருக்கான்னு மட்டும் கண்டிப்பா பாருங்க. நாளைக்கு 5,000 வரைன்னு இருக்குற பாலிசிய வச்சுக்கிட்டு 10,000 ரூபா ரூம்ல படுத்தா, வாடகை வித்தியாசம் மட்டும்தான் நம்ம கணக்குன்னு நெனைப்போம், ஆனா டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ்னு அதுலயும் பாதிய வெட்டுவான். ஏஜென்ட் இத தானா சொல்லி நான் கேட்டதில்ல.

வருஷ வருமானம் 1,20,000க்கு உள்ள இருக்குற குடும்பத்துக்கு முதல்வர் காப்பீட்டு கார்டு இருக்கு, வருஷம் 5 லட்சம் வரை. 70 வயசு ஆனா வருமானம் பாக்காம 5 லட்சம்னு மத்திய அரசு 2024 அக்டோபர்ல ஆரம்பிச்ச திட்டமும் உண்டு. எந்த கார்டா இருந்தாலும் களியக்காவிளை பார்டர தாண்டி கேரளாவுக்குள்ள போறதுக்கு முன்னாடி அந்த ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, இந்த கார்டுல எடுப்பியளா, இந்த ஆபரேஷனுக்கு எடுப்பியளான்னு கேட்டுக்கோங்க.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது இதில்ல. கார்டு பெரும்பாலும் பெட்ல படுத்தாதான். தினமும் முழுங்குற மாத்திரை, மூணு மாசத்துக்கு ஒரு பிளட் டெஸ்ட், திருவனந்தபுரம் வரை டாக்ஸி, கூட நிக்கிற ஆளுக்கு சாப்பாடு லாட்ஜ், இதெல்லாம் யாரு தருவா? மாமா வீட்டுல இதுக்கு மட்டும் மாசம் 3,500 போவுது. வருஷம் 10 சதவீதம் கூடுனா ஏழு வருஷத்துல அது கிட்டத்தட்ட 7,000 ஆகிடும்.

இதுக்கு நான் சொல்ற வழி, கையில வர்ற பணத்துல 5 லட்சத்த மூத்த குடிமக்கள் சேமிப்பு திட்டத்துல போட்டு அந்த வட்டிய மருந்துக்குன்னே ஒதுக்குங்க. போஸ்ட் ஆபீஸ்லயே போடலாம், பொதுவா 60 வயசு ஆகியிருக்கணும். 8.2 சதவீத வட்டின்னா மூணு மாசத்துக்கு ஒருக்கா 10,250 ரூபா, மாசக்கணக்குல 3,400 சொச்சம், மாமாவோட மருந்து செலவு கிட்டத்தட்ட அடைஞ்சுது. அந்த பாஸ்புக்க கொழுந்தன் வீடு வைக்கணும்னு வந்து கேட்டாலும் எடுக்கப்படாது, கேட்டியளா.

சுகர், பிபி மாத்திரைய ஆசாரிப்பள்ளம் கவர்மென்ட் ஆஸ்பத்திரிலயும் பக்கத்து சுகாதார நிலையத்துலயும் சும்மா தாறாவ, 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே கொண்டும் வாறாவ. கவர்மென்ட் மாத்திரையான்னு மூஞ்ச சுளிக்கிறவங்க அந்த சுளிப்புக்கு மாசம் எவ்வளவு குடுக்கோம்னு ஒருக்கா கூட்டிப் பாக்கட்டு.

இன்னொண்ணு, ரினியூவல் தேதி. வருஷ பாலிசிக்கு 30 நாள் சலுகை உண்டு, அதையும் தாண்டி பாலிசி போச்சுன்னா காத்திருந்த காலமும் சேர்ந்து போகும். மாமா பீரோ கதவோட உள்பக்கம் ரெண்டு தேதிய மார்க்கர்ல எழுதி வச்சிருக்காவ. ஒண்ணு ரினியூவல், இன்னொண்ணு அந்த 3 வருஷம் முடியிற நாளு. அந்த ரெண்டாவது தேதி வர்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் வரப்படாதுன்னு சொல்லிட்டே காலைல மாத்திரைய போடுதாவ.