நம் குளத்துக்கு ஒரு பக்கமாவது மண் கரை வேண்டும்

(தஞ்சாவூரை அடுத்த ஒரு புறநகர்க் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, கேட்ட மாத்திரத்தில் இந்த அரங்கத்தையும் நாற்காலிகளையும் கொடுத்து உதவிய தலைமையாசிரியை அம்மா அவர்களே, அலுவல்களுக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் வனச்சரக அலுவலர் அவர்களே, வரவேற்புரை நல்கிய செயலாளர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் நான் நன்றி மறந்தவனாவேன். இந்த நகருக்குத் தெருவிளக்கு வந்ததும் குடிநீர்க் குழாய் வந்ததும் அவர் நடையாய் நடந்ததால்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். நம் குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் கட்டட இடிபாடுகளைக் கொட்ட வந்த லாரியை, விடியற்காலையில் தனி ஆளாக நின்று திருப்பி அனுப்பியவரும் அவர்தான். அது பலருக்குத் தெரியாது. அதற்கு இந்த மேடையில் ஒரு கைதட்டல் வேண்டும்.

மூன்று விஷயங்கள் பேச வந்திருக்கிறேன். நம்மைச் சுற்றி வாழும் உயிர்களை எப்படிப் பதிவு செய்வது. சட்டம் அதற்கு என்ன இடம் தருகிறது. குளத்தைச் சீரமைக்கும்போது அவற்றுக்கு எப்படி இடம் விடுவது.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் பெரியவர்கள் வாக்கு. காவிரிக் கரைக்காரர்களுக்கு அளவு புதிதல்ல. எந்த மதகில் எவ்வளவு தண்ணீர், எந்த வயலில் எத்தனை மூட்டை என்று தலைமுறை தலைமுறையாக அளந்தவர்கள் நாம். ஆனால் நம் குளத்தில் எத்தனை முக்குளிப்பான் பறவை இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. அளக்காத பொருள் காணாமல் போனால் திருட்டுப் போனதுகூடத் தெரியாது.

பறவை பார்க்க வேண்டுமானால் கோடியக்கரைக்குப் போகலாமே, வடுவூருக்குப் போகலாமே, புறநகர்க் குளத்தில் என்ன இருக்கப்போகிறது என்று சிலர் கேட்கிறார்கள். போகத்தான் வேண்டும். கோடியக்கரை 2002இல் ராம்சர் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம், ஆனது, வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022இல், கரைவெட்டி 2024இல். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைக் கரைவெட்டியில் பார்ப்பது பெரும் பேறு. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறந்து ஜனவரி 28ஆம் தேதி மூடப்படுகிறது. மூடியதும் வாய்க்கால் வற்றும், சம்பா அறுவடை முடிந்த வயல் காயும். அதுவரை வயலில் இரை தேடிய மடையானும் நத்தைகுத்தி நாரையும் மாசி, பங்குனியில் எங்கே போகும்? தண்ணீர் தேங்கி நிற்கும் இந்த மாதிரிக் குளங்களுக்குத்தான். சரணாலயத்துக்கு வேலி இருக்கிறது, காவலர் இருக்கிறார். இந்தக் குளத்துக்கு நாம்தான் இருக்கிறோம்.

பதிவு என்றால் பயந்துவிடாதீர்கள். சென்ற ஆண்டு மூன்றாம் குறுக்குத் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆவணி மாதம். கல்லணைக் கால்வாயான புது ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால்கள் நிறைந்திருந்தன, நல்ல மழையும் பெய்திருந்தது. இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரு சத்தம். முதலில் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது போல் உறுமல், பிறகு 'குர்ர்... குவாக், குவாக், குவாக்' என்று விடாமல் கால் மணி நேரம். அந்தத் தெருவில் எல்லோரும் புதிதாகக் குடிவந்தவர்கள். முதல் வீட்டு அம்மா, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இழுப்பு வந்துவிட்டதென்று எண்ணி, விடிந்ததும் சுக்குக் கஷாயத்தோடு போய் நின்றார். பெரியவரோ, "எனக்கு ஒன்றுமில்லை அம்மா, உங்கள் வீட்டுக்காரருக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நான் இரவெல்லாம் கவலைப்பட்டேன்" என்றார். கஷாயத்தை இருவரும் ஆளுக்குப் பாதியாகக் குடித்தார்கள்.

மறுநாள் இரவும் அதே சத்தம். பாம்பு தவளையைப் பிடித்திருக்கிறது என்றார் ஒருவர். மனை போடுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது தெரியுமா என்று இன்னொருவர் ஆரம்பித்தார். அவ்வளவுதான், பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. பூசாரி வந்தார், தெருவின் நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தார். அன்று இரவு நல்ல மழை. சத்தம் இரண்டு இடத்திலிருந்து வந்தது! தெருவே திரண்டு தலைவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். டார்ச் விளக்கோடு போனால், அங்கே எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் அம்மாவின் கைப்பேசியோடு நின்றாள். மொட்டைமாடியிலிருந்து சத்தத்தைப் பதிவு செய்திருந்தாள். நோட்டில் தேதி, நேரம், மழை இருந்ததா இல்லையா, 'குளத்தின் வடமேற்கு மூலை, கோரைக்குள்' என்று எல்லாம் எழுதியிருந்தாள்.

விடிந்ததும் அந்த மூலைக்குப் போய் நின்றோம். கோரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது: கருஞ்சாம்பல் முதுகு, வெண்மையான முகமும் மார்பும், தூக்கிய குட்டை வாலின் அடியில் துருப்பிடித்த சிவப்பு. பின்னாலேயே கன்னங்கரேலென்று குஞ்சுகள். கம்புள் கோழி! மருதநிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் பெயர் சொல்லிப் பாடிய பறவை. கஷாயம் கொண்டுபோன அந்த அம்மா பார்த்துவிட்டு, "இதுவா! எங்கள் ஊர் வரப்பில் சின்ன வயதில் தினமும் கேட்ட சத்தமாயிற்றே" என்றார். இப்போது அந்தத் தெருவில் அது கத்தினால் பிள்ளைகள் நோட்டை எடுக்கிறார்கள். அந்தப் பெண் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பெயர் சொல்லக் கூடாதென்று கேட்டுக்கொண்டாள்.

என்ன பார்த்தோம், எத்தனை, எங்கே, எப்போது. பதிவு என்பது அவ்வளவுதான். பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் 2015 முதல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எல்லாம் எண்ணி இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். காக்கையையும் எண்ண வேண்டும், மைனாவையும் எண்ண வேண்டும். அரிய பறவையை மட்டும் எழுதுவது பதிவாகாது. இப்படி 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் தந்த 3 கோடிக்கும் அதிகமான பதிவுகளை வைத்துத்தான் 2023ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. நம் பனைமரத்துப் பனங்காடை குறைந்துவருகிறது என்பதும் அதில்தான் தெளிவாகத் தெரிந்தது. மின்கம்பியில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் பறவைதானே என்று எவரும் கவலைப்படாமல் இருந்த பறவை அது.

சட்டத்துக்கு வருகிறேன். பல்லுயிர்ச் சட்டம் 2002இன் 41ஆவது பிரிவின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது ஊர் மக்களைக் கலந்து, ஊரின் உயிரினங்களைப் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் நம் குளம் முழுமையாக ஏற வேண்டும். பெயர் ஏறிவிட்டால் மட்டும் குளம் பிழைத்துவிடாது. ஆனால் நாளைக்கு ஒரு திட்டம் வரும்போது, 'இங்கே ஒன்றுமில்லை' என்று எவராலும் எழுத முடியாது.

திட்டம் என்றதும் நெஞ்சில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் குளத்துக்கும் சீரமைப்பு வரப்போகிறது என்று கேள்விப்படுகிறோம். மகிழ்ச்சி, தூர் வாருங்கள், ஆகாயத்தாமரையை அள்ளுங்கள், நடைபாதை போடுங்கள். ஆனால் நான்கு கரையையும் சிமென்ட் பூசி மூடிவிடாதீர்கள்! டெல்டாவில் இன்னொரு ஊர்க் குளத்தை அப்படிச் செய்தார்கள். பார்க்கப் பளபளப்பாகத்தான் இருக்கிறது. அங்கே மீன்கொத்தி கூடு வைப்பதில்லை. வைக்க முடியாது. வெண்மார்பு மீன்கொத்தி மரத்தில் கூடு கட்டும் பறவையல்ல. செங்குத்தான மண் கரையில் அலகால் குடைந்து, உள்ளே போய் முட்டையிடும். நம் மேற்குக் கரையில் இன்று போனாலும் பார்க்கலாம். கைமுட்டி போகும் அளவுக்கு ஒரு துளை. அதன் அடிவிளிம்பில் இரண்டு மெல்லிய பள்ளங்கள். உள்ளே போய் வரும் பறவையின் கால்கள் தேய்த்துத் தேய்த்து விழுந்த தடம் அது. சிமென்ட்டில் எந்த அலகு துளை போடும்?

கோரையை மழித்தால் நீலத் தாழைக்கோழிக்கும் கம்புளுக்கும் மறைவிடம் இல்லை. ஓரம் ஆழமானால் மடையான் நிற்க இடமில்லை. செங்குத்துச் சுவரில் ஆமையும் தவளையும் ஏறி வர முடியாது. பொதுப்பணம் செலவாகிற காரியம் ஐயா. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இதற்கும்தான். சிமென்ட் பூசிய அந்த ஊர்க் குளத்தில் முன்பு என்ன இருந்தது என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. அதனால் என்ன போயிற்று என்று கேட்கவும் எவராலும் முடியவில்லை.

நேரமாகிவிட்டதென்று செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். சுருக்கிக்கொள்கிறேன். மேற்குக் கரையையும் வடமேற்கு மூலைக் கோரையையும் மண்ணாகவே விட வேண்டும் என்று மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். அந்தப் பெண்ணின் நோட்டிலிருந்து பறவைப் பட்டியலைப் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறோம். வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அரசமரத்தடியில் கூடுவோம். நோட்டும் பேனாவும் போதும், தொலைநோக்கி என்னிடம் இருக்கிறது, முறைவைத்துப் பார்க்கலாம். மனு வாசல் மேசையில் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவராவது கையெழுத்திட வேண்டும். முதல் கையெழுத்தைப் போட மாமன்ற உறுப்பினர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள். அவர்களை மேசைக்கு வருமாறு அன்போடு அழைக்கிறேன். நன்றி, வணக்கம்.