காலையில் குடிக்க வேண்டிய பாதி

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன்னால் பெருங்குடல் புற்றுநோயைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசிய அறுவை சிகிச்சைத் துறைப் பேராசிரியர் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி நான் தகுதி பெறாத அளவுக்குப் பேசிய செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கிற செவிலியர் சங்க நிர்வாகிகளே (நான் இன்று பேசப்போவதில் பாதி உங்கள் வேலையைப் பற்றித்தான்), வெயிலைப் பார்க்காமல் வந்திருக்கும் பொதுமக்களே, எல்லாருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் இப்படியொரு தலைப்புக்கு மேடை கொடுத்ததே பெரிய விஷயம். பேதி மருந்தைப் பற்றி மேடை போட்டுப் பேச யார் கூப்பிடுகிறார்கள்? அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

'சுத்தம் சோறு போடும்' என்பார்கள். கொலனோஸ்கோபிக்கு, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற பரிசோதனைக்கு, இதைவிடப் பொருத்தமான பழமொழி எனக்குத் தெரியாது. கேமரா எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உள்ளே விடுகிற கை எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும், குடல் சுவரில் மலம் ஒட்டியிருந்தால் அதற்கு அடியில் இருக்கிற பாலிப், அதாவது குடல் சுவரில் வளர்கிற சிறு சதை, தெரியாது. குறிப்பாக வலப்பக்கக் குடலில் வருகிற பாலிப்கள் பல தட்டையாக, சுற்றியிருக்கிற சவ்வின் நிறத்திலேயே படுத்திருக்கும். பார்த்து எடுத்துவிட்டால் பின்னால் புற்றுநோயாக மாறக்கூடிய ஒன்று அங்கேயே தீர்ந்தது.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். எந்த மருந்து நன்றாகச் சுத்தம் செய்கிறது, எதை மனிதரால் குடிக்க முடிகிறது, வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் என்ன செய்வது.

முதலில் மருந்து. ஒரு காலத்தில் இரண்டு மூன்று நாள் வெறும் நீராகாரம், விளக்கெண்ணெய், எனிமா என்று நோயாளியைத் துவைத்து எடுத்தார்கள். 1980இல் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல் வந்தது. அதைச் சுருக்கமாக 'பெக்' என்கிறோம். உடம்பு இதை உறிஞ்சுவதில்லை, தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு குடலைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விடும், உடம்பிலிருக்கிற நீரும் உப்பும் பெரிதாக ஏறுவதுமில்லை இறங்குவதுமில்லை. பாதுகாப்பு என்று பார்த்தால் அருமையான மருந்து. ஆனால் 4 லிட்டர்! உப்புக் கரிக்கிற, வழவழப்பான 4 லிட்டர். குமட்டல், வயிறு உப்புசம், வாந்தி. பாதியில் நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். நல்ல மருந்து, வயிற்றுக்குள் போனால்தானே நல்ல மருந்து?

அதனால்தான் 2 லிட்டர் மருந்துகள் வந்தன. பெக்கோடு அஸ்கார்பிக் அமிலம் சேர்த்தது ஒன்று. சோடியம் பைகோசல்ஃபேட்டும் மெக்னீசியம் சிட்ரேட்டும் சேர்ந்தது இன்னொன்று, குடிக்கச் சுலபம், சுவையும் பரவாயில்லை. குடல் மந்தம் போன்ற சிக்கல் இல்லாத பெரும்பாலோருக்கு, இரண்டு பாதியாகப் பிரித்துக் கொடுத்தால் 2 லிட்டரே போதும் என்பதுதான் இன்றைய நிலை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மெக்னீசியம் கலந்தது ஆகாது. சோடியம் பாஸ்பேட் என்கிற இன்னொரு பேதி மருந்தைக் குடிக்கக் கொடுத்துச் சிலருக்குச் சிறுநீரகமே கெட்டுப்போனதால் 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. அதனால் கடையில் கேட்டு வாங்கிக் குடிக்கிற விஷயமில்லை இது, உங்கள் சிறுநீரகம், இதயம், நீங்கள் சாப்பிடுகிற மாத்திரை எல்லாம் தெரிந்த மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

சரி, இப்போது ஒரு கதை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். வாழ்நாள் முழுக்க மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உட்கார்ந்தவர். வேறொரு இடத்தில் அவருக்குக் கொலனோஸ்கோபி செய்தார்கள். முந்தின நாள் மாலை ஒரு லிட்டர், மறுநாள் காலை ஒரு லிட்டர் என்று தாளில் எழுதியிருந்தது. மாலை மருந்தை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டார். ராத்திரி முழுக்கக் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடை. ஒரு கட்டத்தில் வெறும் மஞ்சள் தண்ணீராக வந்தது. அவர் என்ன நினைத்தார்? 'எல்லாம் போய்விட்டது, இனிமேல் போக என்ன இருக்கிறது' என்று நினைத்தார். நியாயமான நினைப்புதானே! விடிகாலையில் எழுந்தார், இரண்டாவது லிட்டரைக் கலக்கினார், வாசனை பிடித்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், கொண்டுபோய்க் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டார். மனைவி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரியில் 'எல்லாம் குடிச்சீங்களா சார்?' என்று கேட்டதற்கு, 'ம்' என்றாராம் தலைமையாசிரியர். அத்தனை வருஷமாகப் பிள்ளைகள் பொய் சொன்னால் கண்டுபிடித்தவர்!

பரிசோதனை முடிவு என்ன தெரியுமா? குடலை மூன்று பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிற பாஸ்டன் அளவுகோல் ஒன்று உண்டு. இவருக்கு இடப்பக்கம் 3, நடுப்பகுதி 3, வலப்பக்கம் 1. கூட்டினால் 7. பார்ப்பதற்குப் பாஸ் மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 2 வாங்க வேண்டும், ஒன்றில் வாங்கினதை இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது. மறுபடி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கோபத்தோடு எங்களிடம் வந்தார். எங்கள் செவிலியர் ஒருவர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். 'சார், ராத்திரி நீங்க தூங்கும்போதும் சிறுகுடலிலிருந்து பித்தநீர் வந்து வலப்பக்கக் குடலில் விழுந்துகொண்டே இருக்கும். மாலையில் பெருக்கின வாசலில் விடிவதற்குள் இலை விழுகிற மாதிரி. காலையில் குடிக்கிறது அதுக்குத்தான்' என்றார். தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 'இதை அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா நான் ஏன்மா கொட்டுறேன்?' என்றார். அப்போதுதான் கூட வந்திருந்த மனைவி வாயைத் திறந்தார்: 'கொட்டினதை இப்பவாவது சொன்னீங்களே.' இரண்டாவது முறை வலப்பக்கம் பளிச்சென்று இருந்தது. ஒரு மடிப்புக்குப் பின்னால் தட்டையான பாலிப், அங்கேயே எடுத்தோம். சுத்தம் சோறு போடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மருந்துக் கம்பெனிகள் சுவையை மாற்றட்டும், அளவைக் குறைக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதே மருந்தை வைத்துக்கொண்டே, ஒரு மனிதர் உட்கார்ந்து 10 நிமிடம் பேசினால் குடல் இன்னும் சுத்தமாகிறது. படம் போட்ட தாள், முந்தின நாள் ஒரு தொலைபேசி அழைப்பு, இவை பலன் தருகின்றன என்று ஆய்வுகளிலேயே வந்திருக்கிறது. 100 பரிசோதனையில் குறைந்தது 90இல் குடல் போதுமான சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகள் சொல்கின்றன. அதை எட்டாத மையங்கள் முதலில் மருந்தை மாற்றுகின்றன. முதலில் தாளை மாற்றுங்கள் என்கிறேன் நான். பொடி எழுத்தில், நோயாளி வீட்டில் பேசாத மொழியில், 'பரிசோதனைக்கு 5 மணி நேரம் முன்' என்று கணக்குப் போடச் சொல்கிற தாள் எதற்கு? 11 மணிக்குப் பரிசோதனை என்றால், 'காலை 6 மணிக்குத் தொடங்குங்கள், கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர், 8 மணிக்குள் முடித்துவிடுங்கள், அப்புறம் தண்ணீர்கூட வேண்டாம்' என்று பேனாவால் நேரத்தை எழுதிக் கொடுங்கள்.

குடிப்பதை எப்படிச் சுலபமாக்குவது என்று கேட்பீர்கள். குளிரவைத்துக் குடியுங்கள், ஸ்ட்ரா போட்டுக் குடியுங்கள், நடுநடுவே கொஞ்சம் நடங்கள். குமட்டினால் அரைமணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள், கொட்டிவிடாதீர்கள். சிவப்பு, ஊதா நிறத்தில் எதையும் குடிக்க வேண்டாம், உள்ளே ரத்தம் போலத் தெரியும். முந்தின நாள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, பெரும்பாலோர் நார் குறைந்த லேசான உணவு சாப்பிடலாம், விதையும் தோலும் உள்ளதைத்தான் தவிர்க்க வேண்டும். நாள்பட்ட மலச்சிக்கல், சர்க்கரை நோய், வலிக்கு ஓபியாய்டு (மார்பின் வகை) மாத்திரை, இவை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், உங்களுக்குச் சாதாரண அளவு போதாமல் போகலாம். வயதானவர்கள், குழந்தைகள் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதற்கு மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்கள் இன்னொரு கூட்டம் ஏற்பாடு செய்து தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செவிலியர் சங்கத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நேரம் எழுத இடம் விட்டு, பெரிய எழுத்தில், காலை மருந்து எதற்கு என்ற ஒரு வரியோடு ஒரு தாள் தயாரித்துக் கொண்டுவந்திருக்கிறேன், வாசல் மேசையில் இருக்கிறது. எடுத்துப்போய் உங்கள் நோயாளிகளிடம் கொடுத்து, எங்கே புரியவில்லை என்கிறார்களோ அங்கே அடித்துத் திருத்தி எனக்குத் திருப்பி அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.