வாங்க வருவோர் நால்வர்

தலைவர் அவர்களே, அவையோரே,

2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், ஹால்கம் என்னும் சிற்றூரில் இருந்த டைசன் நிறுவனத்தின் இறைச்சிக்கூடம் தீப்பிடித்தது. அந்நாட்டில் வெட்டப்படும் கொழுத்த மாடுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு அங்கேதான் போய்க்கொண்டிருந்தன. அடுத்த சில வாரங்களில் இறைச்சியின் மொத்த விற்பனை விலை ஏறியது. மாட்டின் விலை இறங்கியது. இதற்குச் சூது தேவையில்லை. கூடம் குறைந்தால் இந்தப் பக்கம் மாடு தேங்கும், அந்தப் பக்கம் இறைச்சிக்குத் தட்டுப்பாடு வரும். ஆனால், ஒரு கூடம் எரிந்ததற்கே சந்தை இப்படிப் பிளக்கும் அளவுக்கு அந்தத் தொழில் ஏன் சில கைகளில் குவிந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

1921இல் ஐந்து பெரும் இறைச்சி நிறுவனங்களின் பிடியைத் தளர்த்தவே அந்நாடு தனிச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. இருந்தும், 1980இல் கொழுத்த மாடுகளில் நூற்றுக்கு 36ஐ வாங்கிய முதல் நான்கு நிறுவனங்களின் பங்கு இன்று 85 அளவில் நிற்கிறது. டைசன், கார்கில், ஜேபிஎஸ், நேஷனல் பீஃப் ஆகிய அந்த நான்கில் கடைசி இரண்டும் பிரேசில் முதலாளிகளின் கையில் உள்ளன.

விற்பவரின் நிலையை அருகில் போய்ப் பாருங்கள். சுமார் 1,400 பவுண்டு எடைக்கு வந்துவிட்ட காளையைக் கிடங்கில் வைத்த நெல்லைப் போலக் காக்க வைக்க முடியாது. தீவனச் செலவு நாள்தோறும் ஏறும். அளவு மீறிக் கொழுத்தால் அதற்கும் விலையில் பிடித்தம் உண்டு. வாங்குவோரின் ஆள் பட்டிகளைச் சுற்றிப் பார்த்து ஒரு விலை சொல்வார். மறுத்தால் அடுத்து யார் வருவார் என்பது உறுதியில்லை. பெரும்பாலான மாடுகள் இப்போது முன்ஒப்பந்தத்தில் கைமாறுகின்றன. அந்த ஒப்பந்த விலையோ, வெளிப்படையாகப் பேரம் பேசி விற்கப்படும் சிறு பங்கு மாடுகளின் விலையை ஒட்டி அமைகிறது. நம் சந்தைகளில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசுவார்களே, அதில் மறைவு உண்டு. ஆனால் அந்தத் துண்டுக்கடியில் பிடிப்பதற்குப் பல கைகள் இருந்தன.

இந்நிலையில் வளர்ப்போரில் ஒரு சாரார் நம்பியது, மாடு எந்த நாட்டில் பிறந்து வளர்ந்தது என்பதைப் பொட்டலத்தில் அச்சிடும் கட்டாயத்தை. உள்நாட்டு மாடு என்று தெரிந்தால் மக்கள் அதைத் தேடி வாங்குவார்கள் என்பது அவர்கள் கணக்கு. 2002இல் சட்டமாகி 2009இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த அந்த விதியை, எல்லை தாண்டி மாடு வாங்கிப் பழகிய இறைச்சி நிறுவனங்கள் எதிர்த்தன. கனடாவும் மெக்சிகோவும் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்து வென்றன. ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் பதிலடி வரி விதிக்க 2015 டிசம்பரில் அனுமதியும் பெற்றன. அதே மாதத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் மாட்டிறைச்சிக்கும் பன்றியிறைச்சிக்கும் அந்த விதியை நீக்கியது.

தடையற்ற வணிகமே வளர்ப்போருக்குப் பகை என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளூரில் அதிகம் விலைபோகாத மாட்டு நாக்குக்கு ஜப்பானில் நல்ல விலை உண்டு. அந்தக் கூடுதல் வருவாயில் எவ்வளவு பட்டிவரை வந்து சேரும் என்பதை வாங்குவோரின் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது.

இப்போது மாட்டு விலை உயர்ந்துதானே இருக்கிறது என்பார்கள். உண்மைதான். வறட்சியும் நீண்டகால நட்டமும் சேர்ந்து, 1951க்குப் பிறகு காணாத அளவுக்கு அந்நாட்டு மந்தை சுருங்கியிருக்கிறது. பலர் தாய்ப்பசுக்களை விற்றுவிட்ட பிறகு எஞ்சியவர்களுக்குக் கிடைக்கும் விலை அது.