போர்மேனுக்கு நேரம் கொடுப்பது யாருங்க?

நடுவர் அவர்களே, எதிரணி அக்கா, பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் ஊர்ப் பெரியவங்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

இளைஞர்களை வேலைக்குத் தயார் செய்யும் பொறுப்பு அதிகம் யாருக்கு, கல்லூரிக்கா முதலாளிக்கா என்பது தலைப்பு. முதலாளிக்குத்தான் என்பது எங்கள் அணி. “முதலாளி என்ன பள்ளிக்கூடமா நடத்துகிறார்?” என்று கேட்டுவிட்டு அக்கா கைதட்டலோடு போய் உட்கார்ந்தார். தட்டியதில் முன்வரிசை முதலாளிகள்தான் அதிகம், நானும் பார்த்தேன்.

சரி, நம்ம கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போவோம். டிப்ளமோ முடித்த பையன், நுணுக்கமாக அளக்கிற மைக்ரோமீட்டரைப் படம் வரையச் சொன்னால் முழு மார்க் வாங்குவான். முதல் நாள் லேத்திலிருந்து இறக்கிய ஷாஃப்டைச் சூட்டோடு சூடாக அளக்கிறான், அதுவும் அளவுக்கு மேல் இறுகாமல் காக்கிற ராட்செட் திருகை விட்டுவிட்டு, திம்பிள் என்கிற உருளையைப் பிடித்து இறுக்கி. சூட்டில் இரும்பு விரியும் என்று படித்தவன்தான், ஆனால் பக்கத்தில் நிற்கும் போர்மேன் “ஆறட்டும் கண்ணு, அப்புறம் ராட்செட்டைத் திருப்பு, டிக் டிக்குன்னு கேட்டா நிறுத்திக்கோ” என்று சொல்லும்வரை படித்தது கைக்கு வராது. அதைச் சொல்லிக்கொடுக்க போர்மேனுக்கு நேரம் ஒதுக்க வேண்டியது யார், பிரின்சிபாலா? அன்றைக்கு உருப்படி குறைந்தால் போர்மேனைக் கத்தாமல் இருக்க வேண்டியது யாருங்க?

இது தர்மத்துக்குச் செய்கிற காரியமும் இல்லை. 1961-லேயே தொழில் பழகுநர் சட்டம் வந்துவிட்டது. இன்றைய விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை உதவித்தொகை கொடுத்து எடுத்தாக வேண்டும், 200 பேர் இருக்கிற கம்பெனி என்றால் குறைந்தது 5 பேர்.

“பயிற்சி என்ற பெயரில் சுரண்டினார்களே, சுமங்கலித் திட்டம் மறந்துபோச்சா?” என்று அக்கா கேட்டது நியாயம்தான். இளம்பெண்களை மூன்று வருசம் ஹாஸ்டலுக்குள் அடைத்து வைத்து, முழு வேலை வாங்கிக்கொண்டு, கல்யாணத்துக்குப் பணம் கடைசியில் தருகிறோம் என்று நம் பக்கத்து மில்களில் சொன்னார்களே, அதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் என்ன கற்றுக்கொடுப்பீர்கள், எத்தனை மாதம், மாதாமாதம் எவ்வளவு என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள் என்கிறேன்.

கல்லூரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-ல் வந்தது, ஆனால் அதே அறக்கட்டளையின் தொழிற்கூடம் 1926-லேயே வந்துவிட்டது. நம்ம ஊரில் பட்டறைதான் மூத்தது.

கடைசியாக ஒரு பயம் சொன்னார்கள், பழக்கிவிட்டால் பையன் அடுத்த கம்பெனிக்கு ஓடிவிடுவான் என்று. ஓடுவான்தான், கூட நூறு ரூபாய் கிடைத்தால் நானும் ஓடுவேன். ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடி என்கிற எடுபிடி ஆளாகச் சேர்ந்து, பவர் டேபிள் என்கிற தையல் மெஷின் வரிசையில் உட்கார்ந்து, கட்டிங்கும் செக்கிங்கும் தெரிந்துகொண்டு வெளியே வந்து நாலு மெஷின் போட்டவர்கள் எத்தனை பேர் இன்றைக்கு எக்ஸ்போர்ட் முதலாளி! அப்படி வந்தவர்கள் இந்த முன்வரிசையிலேயே இருப்பீர்கள், எந்தக் கம்பெனியில் தொழில் பழகிவிட்டு ஓடி வந்தீர்கள் என்று கொஞ்சம் கை தூக்கிச் சொல்லுங்க, அதையே எங்கள் அணிக்கான ஓட்டாக நடுவர் எண்ணிக்கொள்ளட்டும்.