மஸ்கட் துப்பாக்கி கெட்டிக்க 20 வினாடி: நெப்போலியன் காலப் போர் நாவல்கள் ஏன் விடாம இழுக்குது?

வணக்கம் மக்களே. நெப்போலியன் காலத்துப் போர் நாவல்னு சொன்னா சிவப்புக் கோட்டு, குதிரை, கொடி, இதுதான் பலருக்கு ஞாபகம் வரும். அந்த ஜிகினாவெல்லாம் ரெண்டு அத்தியாயம் தாங்கும். அதுக்கு மேல நம்மளைப் பிடிச்சு வைக்கிறது ஒரே விஷயம்தான்: அந்தக் காலத்துச் சண்டையில வாசகரும் கூடவே கணக்குப் போடலாம்.

கணக்கு மஸ்கட்ல, அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் குழல் வாய் வழியா மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற பழைய துப்பாக்கியில, தொடங்குது. பிரிட்டிஷ் சிப்பாய் கையில இருந்தது 'பிரவுன் பெஸ்'ங்கிற மஸ்கட். வெடிமருந்தும் குண்டும் சுத்தி வெச்ச காகிதத் தோட்டாவைப் பல்லால கடிச்சுக் கிழிக்கணும். கொஞ்சம் மருந்தைப் பக்கவாட்டுக் கிண்ணத்துல போட்டு மூடணும். துப்பாக்கியை நிமிர்த்தி, மிச்ச மருந்து, ஈயக் குண்டு, காகிதம் எல்லாத்தையும் குழல் வாயில போட்டு இரும்புக் கம்பியால இடிக்கணும். கம்பியை அதோட இடத்துல சொருகணும். அப்புறம்தான் சக்கிமுக்கிக் கல் மாட்டின கொக்கியைப் பின்னால இழுத்துச் சுடணும். நல்லாப் பழகின ஆள் நிமிஷத்துக்கு 3 தடவை சுடுவார். அப்படின்னா ஒரு சூட்டுக்கும் அடுத்த சூட்டுக்கும் நடுவுல 20 வினாடி.

இப்போ எதிர்ல குதிரைப்படை வருது. ஒரு தனி ஆளைக் குறி வெச்சு அடிக்கணும்னா இந்தத் துப்பாக்கிக்கு 100 மீட்டரே அதிகம். நாலுகால் பாய்ச்சல்ல வர்ற குதிரை அந்தத் தூரத்தைச் சுமார் 10 வினாடியில கடந்துடும். முதல் சூடு வீணாச்சுன்னா ரெண்டாவதுக்கு நேரமே கிடையாது!

அதுக்குத்தான் சதுர வியூகம். பட்டாலியன், அதாவது சில நூறு பேர் சேர்ந்த படைப்பிரிவு, நாலு பக்கமும் வெளியே பார்த்து, பயனெட்டை (துப்பாக்கி முனையில மாட்டுற கத்தியை) நீட்டி நிக்கும். குதிரை அந்த முள்வேலி மேல பாயாது, ஒதுங்கி ஓடும். ஆனா நெருக்கிக்கிட்டு நிக்கிற அதே கூட்டம் பீரங்கிக்கு வசமா மாட்டும். பீரங்கிக்குப் பயந்து வரிசையா விரிஞ்சா குதிரைப்படை உள்ள பூந்துடும். எப்போ கட்டுறது, எப்போ பிரிக்கிறது? நல்ல நாவல்ல பாதி பதற்றம் இங்கேதான் இருக்கு. 1815 ஜூன் 16, பெல்ஜியத்துல நடந்த காத்ர் பிரா சண்டையில பிரிட்டிஷ் 69ஆம் ரெஜிமென்ட் சதுரம் கட்டப் போனப்போ, அவங்களுக்கு மேல தளபதியா இருந்த டச்சு ஆரஞ்சு இளவரசர் வரிசையாவே நிக்கச் சொன்னார். உயரமா வளர்ந்த பயிருக்குள்ள வந்த பிரெஞ்சுக் குதிரைப்படை அவங்களை மிதிச்சுத் தள்ளிடுச்சு, ரெஜிமென்ட் கொடியும் பறிபோச்சு. சதுரம் கட்டினாலும் உத்தரவாதம் இல்லை. 1812 ஜூலை 23, ஸ்பெயின்ல கார்சியா எர்னாந்தெஸ்ல, அடிபட்ட குதிரை ஒண்ணு பிரெஞ்சுச் சதுரத்து மேலேயே விழுந்து வழி திறந்துவிட்டது.

இன்னும் என்னென்ன கெடும்? தோட்டாவைக் கடிக்கும்போது வாயில ஒட்டுற மருந்துல வெடியுப்பு இருக்கு, தொண்டை வறண்டுபோகும். சுடச்சுடக் குழல்ல கரி படிஞ்சு குண்டு இறங்காது. கல் மழுங்கினா பொறி வராது. மழையில கிண்ணத்து மருந்து நனைஞ்சா அதோட முடிஞ்சது. பயத்துல கம்பியைக் குழல்லேயே மறந்து, அதையும் சேர்த்துச் சுட்டவங்க உண்டு. அப்புறம் வேற கம்பி கிடைக்கிற வரை அந்த ஆள் சும்மா நிக்க வேண்டியதுதான்.

பிரிட்டிஷ் படையிலேயே பச்சைச் சட்டை 95ஆம் ரைபிள் படை வேற ரகம். அவங்க பேக்கர் ரைபிள்ல குழலுக்குள்ள குண்டைச் சுழல வைக்கிற 7 வரித்தடம். எண்ணெய் தடவின தோல்துண்டுல குண்டைச் சுத்தி இறுக்கி இறக்கணும், அதனால நிமிஷத்துக்கு ரெண்டு சூடு வந்தாலே பெரிசு. ஆனா குறி சுமார் 200 மீட்டர் வரைக்கும் நிக்கும். ஜோடியா வேலை செய்வாங்க. ஒருத்தர் சுட்டா மத்தவர் கெட்டிச்ச துப்பாக்கியோட காத்திருக்கணும். ரெண்டு பாத்திரத்துக்கு நடுவுல நட்பை வளர்க்க எழுத்தாளருக்கு வேற என்ன வேணும்?

இதை வெச்சே நாவலை எடை போடலாம். நாயகன் அஞ்சு வினாடிக்கு ஒரு தடவை சுட்டா, பத்து ரவுண்டுக்கு அப்புறமும் புகையே இல்லாம எதிரி மூஞ்சி தெரிஞ்சா, புத்தகத்தை மூடிடுங்க.

செய்தி போற வேகத்துலயும் இதே கணக்குதான். ஸ்பெயின் கரைக்குப் பக்கத்துல பிரிட்டிஷ் கடற்படை ஜெயிச்ச டிராஃபால்கர் சண்டை 1805 அக்டோபர் 21. சேதி இங்கிலாந்தோட ஃபால்மவுத் துறைமுகத்துக்கு வந்தது நவம்பர் 4, லண்டன் கடற்படைத் தலைமையகத்துக்கு நவம்பர் 6 விடியறதுக்கு முன்னாடி. மேலிடத்தைக் கேட்டுச் செய்ய வழியே இல்லாததால கப்பல் கேப்டன் தானா முடிவெடுக்கிறார், தப்பானா தலை அவரோடது. அந்தக் காலப் பிரிட்டிஷ் தரைப்படையிலோ அதிகாரி பதவியையே காசு கொடுத்து வாங்கலாம். பணக்கார வீட்டுப் பையன் அனுபவசாலிக்கு மேல வந்து உட்காருவான். மோதலுக்கு வில்லனைத் தேட வேண்டியதே இல்லை.

நம்ம பக்கத்துத் தொடர்பும் ஒண்ணு இருக்கு. 1803 செப்டம்பர் 23, இன்னைக்கு மகாராஷ்டிராவுல இருக்கிற அஸாயே. பின்னாள்ல வெலிங்டன் பிரபுவாகி வாட்டர்லூவுல நெப்போலியனைத் தோற்கடிச்ச ஆர்தர் வெல்லஸ்லி, மெட்ராஸ் சிப்பாய்களையும் கூட்டிக்கிட்டுப் பல மடங்கு பெரிய மராத்தாப் படைக்கு எதிரே நிக்கிறார். நடுவுல கைட்னா ஆறு. இறங்கிப் போக இடமே இல்லைன்னு வழிகாட்டிகள் சொல்லிட்டாங்க. அவர் பார்த்தது, ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் எதிரெதிரே ரெண்டு ஊர். அப்படி ஊர் கட்டினவங்க ஆத்தைத் தாண்டாமலா இருப்பாங்க? அந்த இடத்துல ஆள் இறங்கி நடக்கிற ஆழம்தான் இருந்தது.

இந்த மாதிரி இடத்தை நீங்களே கண்டுபிடிக்கணும்னா கண்டிப்பா வரைபடம் உள்ள பதிப்பா வாங்குங்க. மின்நூல்ல வரைபடம் பெரும்பாலும் பொடிசாத்தான் வரும், அதனால அச்சுப் புத்தகமே மேல்.